மலைக்கு பஸ் ஏறிய செடி

என் அப்பா ஒரு புளியமரத்தை வெட்டினார். எங்கள் ஊரில் இது தெரியாதவர் யாரும் கிடையாது. தெரியாதவர் யாராவது விருந்துக்கு வந்தால், இலையில் சோறு விழுவதற்குள் அப்பாவே சொல்லிவிடுவார்.

நடக்கத் தெரிந்தும் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத வயது எனக்கு. அப்போது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து மாவட்டங்கள் முழுக்க மறியல் நடந்தது. ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துப் போட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், எங்கள் ஊர் வளைவில் நின்ற புளியமரம் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்து சாய்த்தது. அதற்காகக் கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டும் வந்தார்.

கதையில் அந்த மரம் வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போனது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அதை ரெண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடிக்கலாம். காலேஜில் சேர்ந்தபோது நாலு பேர் தேவைப்பட்டார்கள். நான் சென்னைக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போன சமயத்தில், தெருவே கைகோத்து நின்றாலும் எட்டாத அளவுக்கு ஆகிவிட்டது. வெட்டிப்போட்ட மரத்தை வளர்த்துக் காட்டிய ஒரே விவசாயி அவர்தான். கதையின் முடிவு மட்டும் மாறாது. என்னைக் கை காட்டி, "அந்த மரம் சாயலன்னா இவளுக்கு ஏதுங்க சீட்டு?" என்பார். வந்தவர்கள் என்னை ஏதோ புளியம்பழத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

என் ஆராய்ச்சி ஒரு ஆர்க்கிட் செடியைப் பற்றியது. வாண்டா என்று பெயர். மரத்தில் ஒட்டிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு வளரும். மரத்தின் சத்தை உறிஞ்சாது, மண் கேட்காது. இருக்க ஒரு இடம் ஒதுக்கினால் போதும், வேறு தொந்தரவே கிடையாது. பூ மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்டிருக்கும், நடுவில் ஊதா நாக்கு. நல்ல வாசனை.

கல்வராயன் மலையில் இருக்கும் வாண்டாக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வேறுபாடு ஜாஸ்தி இருந்தால், நோயோ வறட்சியோ வந்தாலும் சில செடிகளாவது தாக்குப்பிடிக்கும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இலையை அரைத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அங்கங்கே சில துண்டுகளை மட்டும் அடையாளத்துக்காகப் பெருக்கி, ஜெல்லில் ஓட்ட வேண்டும். கோடு கோடாக விழும். ரெண்டு செடிக்குக் கோடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு நெருக்கம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் வாண்டா இலையை அரைத்தால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று வரும். அதிலிருந்து சுத்தமான டி.என்.ஏ. எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். சேர்க்க வேண்டிய மருந்து வேறு அழுகின முட்டை நாற்றம் நாறும். நான் லீவுக்கு வந்தால் அம்மா முதலில் என் தலையைத்தான் அலசுவாள்.

அக்கம்பக்கத்தில் கேட்டால் அம்மா ஒரே வரியில் சொல்வாள்: "செடிக்கு ஜாதகம் பாக்குறா." எதிர்வீட்டு அத்தை விடமாட்டாள். "அப்படியே இவளுக்கும் ஒண்ணு பாத்துடு. இன்னும் எத்தினி நாளைக்கு செடிக்கே பாத்துக்கினு இருக்கிறது?"

மலைக்குப் போவது பஸ்ஸில்தான். கள்ளக்குறிச்சியில் காலையில் ஏறினால் கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி வெள்ளிமலை வரை போகும். அந்த பஸ்ஸின் கண்டக்டர், அப்பா வயசுக்காரர். வருஷக் கணக்கில் அதே தடம். நிறுத்தங்களுக்கெல்லாம் அவர் வைத்ததுதான் பெயர். "மாமரம் எறங்கு! பலாமரம் எறங்கு! இலுப்பை யாரு? தூங்கிக்கினே போனா வெள்ளிமலையிலதான் எழுப்புவேன், சொல்ட்டேன்!" வனத்துறை அனுமதிக் கடிதத்தையும் பூவின் படத்தையும் காட்டி, இந்தச் செடி எங்கே இருக்கும் என்று முதல் நாள் கேட்டேன். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் பல்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"இதுவா? எந்த ஸ்டாப்புல எறங்குனாலும் கீதும்மா! இதுக்கா மெட்ராஸ்லேந்து வந்துக்கீறே?"

பொய்யில்லை. மாமரத்தில் இறங்கினால் மாமரத்தில் செடி இருந்தது, பலாமரத்தில் இறங்கினால் பலாமரத்தில். அதுவும் கைக்கு எட்டும் உயரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கத் தோதான கிளையில். மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் அட்டைக்கடி பட்டு, மரம் ஏற ஆள் பிடித்து அல்லாடிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி, இலை நுனியைக் கிள்ளி, பையில் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறிவிடுவேன். கண்டக்டர் விசில் ஊதாமல் எனக்காக வண்டியை நிறுத்தி வைப்பார். ஜன்னலில் இருந்து ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். "அந்தப் பக்கம் எலை நல்லா கீது பாரு!" "பழுத்தத கிள்ளாதம்மா!" மலை என்னைக் கைவிடாது என்று நினைத்துக்கொண்டேன். சில செடிகளின் வேரில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்தான். தேன் எடுக்கிறவர்கள் எதையாவது கட்டி விட்டிருப்பார்கள் என்று அதற்கு நானே ஒரு விளக்கமும் கொடுத்துக்கொண்டேன்.

சென்னைக்கு வந்து ஜெல் ஓட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே கோடு.

கிட்டத்தட்ட ஒரே கோடு இல்லை, அச்சு அசல் ஒரே கோடு. மாமரத்துச் செடியும் பலாமரத்துச் செடியும் இலுப்பைச் செடியும் ஒன்றுதான் என்றது ஜெல். மறுபடி அரைத்தேன், மறுபடி ஓட்டினேன். அடையாளத்துக்குப் பெருக்கும் துண்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதேதான். என் ஆராய்ச்சிக் கைடு ஜெல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் திட்டும்போது குரலை உயர்த்த மாட்டார், அதுதான் பயம்.

"ஒரே இலையைக் கிழிச்சுக் கிழிச்சு எல்லா ட்யூப்லயும் போட்டுட்டியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப ரோட்டை விட்டு உள்ளே போய் எடுத்துட்டு வா."

போனேன். வனக்காவலர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்து, அட்டைக்கடியும் பட்டு எடுத்து வந்தேன். அந்தச் செடிகளின் கோடுகள் ஒன்றுபோல ஒன்று இல்லை. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் குழப்பம்தான் கூடியது. உள்ளே இருப்பவை எல்லாம் வேறு வேறு, ரோட்டோரம் இருப்பவை எல்லாம் ஒன்று. செடிக்கு ரோடு எது காடு எது என்று எப்படித் தெரியும்? கைடு கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "இதுக்கு ஒரு காரணம் வேணும். நிரூபிக்கிற மாதிரி காரணம். அது இல்லாம ஆராய்ச்சிக் கமிட்டி முன்னாடி நின்னா, சாம்பிள் கலந்து போச்சுன்னுதான் சொல்வாங்க. நானே அப்படித்தான் சொல்வேன். அதுக்கப்புறம் உன் பதிவை நீட்டிக்க என்னால கையெழுத்துப் போட முடியாது."

அதாவது மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டுக்குத் திரும்பினால் எதிர்வீட்டு அத்தை கையில் ஜாதகத்தோடு நிற்பாள் என்பதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா தன் கதைக்கு இனிமேல் என்ன முடிவு வைப்பார் என்பதுதான் மனசில் ஓடியது. அந்தக் கதை என்னை எரிச்சல்படுத்தியது நிஜம். அது பொய்த்துப் போகுமோ என்று பயந்ததும் நிஜம்.

கமிட்டிக்கு முந்தின வாரம் கடைசியாக ஒரு தடவை மலைக்குப் போய், ஸ்டாப் ஸ்டாப்பாக முறைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் இறங்கி வந்துகொண்டிருந்தேன். மத்தியான வெயில். அந்த வருஷம் மறுபடியும் இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி சூடாகியிருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி எங்கள் ஊர் வளைவுக்கு வந்ததும் பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். ரோட்டில் ஒரு கும்பல் கொடியோடு உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில், தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு, என் அப்பா.

மகள் சென்னைக்குப் போய்ப் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்பதற்காக, மகள் சென்னைக்குப் போகும் பஸ்ஸை மறித்துக்கொண்டிருந்தார்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன். கண்டக்டர் அங்கேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். "எங்கம்மா போற? உக்காரு. இதெல்லாம் ஒரு மறியலா? அந்தக் காலத்துல இதே வளைவுல நாள் கணக்கா மாட்டிக்கினேன் நானு. இந்த தடத்துக்கு வந்த புதுசு. ஒரு புளியமரத்த வெட்டிக் குறுக்கால போட்டுட்டானுங்க. வண்டிய வுட்டுட்டு வூட்டுக்கும் போவ முடியாது. இன்னா பண்றது சொல்லு?"

"இன்னா பண்ணீங்கண்ணே?" என்று கேட்டேன், பேச்சுக்கு.

"அந்த மரத்துல உன் செடி இருந்துச்சும்மா, இம்மாம் பெருசு. பூவு பூத்து வாசன தூக்குது. வெட்டிப்போட்ட மரத்துல வெயில்ல வாடிக்கினு கெடந்துது. மனசு கேக்கல. துண்டு துண்டா வெட்டி, கோணியில சுத்தி, குடிக்கிற தண்ணியில தெளிச்சு தெளிச்சு வெச்சிக்கினேன். ரோடு தெறந்ததும் மலைக்கு போனேனா, ஸ்டாப்புக்கு ஒரு துண்டு. பழைய டயர் ட்யூப கிழிச்சு மரத்துல கட்டி வுட்டேன். பஸ்ஸுக்கு நிக்கிற ஜனம் பாக்கட்டுமேன்னு."

ட்யூப். கறுப்பு ரப்பர் பட்டை. நான் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாக மலையின் ரகசியம் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டது பஸ் ரூட்! அந்த ஸ்டாப்புகளில் செடி தானாக வளரவில்லை. ஸ்டாப் இருந்ததால் அங்கே செடி இருந்தது. நானோ பஸ்ஸை விட்டு நகராமல் அந்த மனுஷன் கட்டிய ஒரே செடியை இடம் இடமாகக் கிள்ளி, மலை முழுவதையும் ஆராய்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்ணே, இத மொதல்லியே சொல்லி இருக்கக் கூடாதா?" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நீ கேக்கவே இல்லியே பாப்பா. நான் வெச்ச செடிய பாக்க மெட்ராஸ்லேந்து ஒரு பொண்ணு வருதுன்னு டெப்போ பூரா சொல்லி வெச்சிருக்கேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கியது. "தப்பா ஏதாச்சும் பண்ணிட்டனா?"

இல்லை என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கும்பலுக்குப் போனேன். அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்தார். "நீ இந்த பஸ்ஸா? சொல்லி இருந்தா முன்னாடி வண்டிய மறிச்சிருப்பமே!" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

"அப்பா, இவரு பழைய மறியல்ல இந்த வளைவுல மாட்டிக்கினாராம்."

அவ்வளவுதான், அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மரத்த பாத்தீங்களா? நான் வெட்டுனதுதான்!"

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், அது நீதானா! நாள் கணக்கா என்ன ரோட்டுல காயப்போட்ட புண்ணியவான் நீதானா! ஒத்த ஆளு கட்டிப்புடிக்கிற மரம், அத வெச்சிக்கினு அத்தினி நாளு மறிச்சிட்டீங்களே!"

கும்பல் முழுக்கக் கேட்டது. ஒத்த ஆள். பின்வரிசையில் ஒருவர் கோஷத்தை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷமாகத் தெருவே கைகோத்தும் எட்டாத மரம் ஒரே நிமிஷத்தில் இளைத்துப் போனதை அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"அப்பா, அந்த மரத்துல ஒரு பூச்செடி இருந்துச்சாமே. ஞாபகம் இருக்கா?"

கண்டக்டர் சொன்னது மட்டும் போதாது. கைடு கேட்டது நிரூபணம். தாய்ச்செடி இருந்த மரமோ சாம்பலாகி எத்தனையோ காலம் ஆயிற்று. யாராவது ஒருவர் அதில் ஒரு துண்டையாவது வேறு எங்காவது வைத்திருந்தால்தான் எனக்கு வழி.

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மரத்தைப் பற்றிக் கேட்டும் கதை சொல்லாமல் அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். "இருந்துச்சு" என்றார். துண்டை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு, "உங்கம்மாவ கேளு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நடந்தே வீட்டுக்குப் போனேன். அம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், சாம்பல் கையாலேயே கொய்யா மரத்தைக் காட்டினாள்.

"தோ, அதான். மரம் சாஞ்சப்ப பாக்குறதுக்கு உன்ன தூக்கிக்கினு போனேன். பூவு வேணும்னு நீ ஒரே அழுக. உங்கப்பா கையில கோடாலிய வெச்சிக்கினே வேரோட ஒரு கொத்த பிச்சிக் குடுத்தாரு. வூட்டுக்கு வந்து நீ தூக்கிப் போட்டுட்ட. காயவே மாட்டேன்னுச்சு, கொய்யாவுல சொருகி வெச்சேன். அப்பலேந்து கீது. ஏன், நீ பாத்ததே இல்லியா?"

பார்த்ததே இல்லை. அதாவது, தினமும் பார்த்திருக்கிறேன். என் பாவாடையை அந்தக் கிளையில்தான் காயப் போடுவாள் அம்மா. கொய்யா மரத்தின் பின்பக்கம் நீளநீளமாக ஏதோ இலை தொங்கும், அதன்மேல் துணி மாட்டிக்கொள்ளும், நான் எரிச்சலோடு இழுப்பேன். ஆர்க்கிட் படிக்க மலைக்குப் போக வேண்டும் என்று நினைத்தவளுக்குக் கொல்லை எப்படிக் கண்ணில் படும்? இலை நுனியைக் கிள்ளப் போனேன். அம்மா, "பழுத்தத கிள்ளாத" என்றாள்.

சாயங்காலம் மறியல் கலைந்ததும் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். கொய்யா மரத்து இலையை மலை பஸ் ஸ்டாப்புகளின் இலைகளுக்கு நடுவே வைத்து ஓட்டினேன். விளக்கைப் போட்டதும் குனிந்து பார்த்தேன். எது கொய்யா, எது மாமரம், எது பலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தனையும் ஒரே கோடு. ஆளில்லாத அந்த லேபில் நான் "அம்மா!" என்று கத்தியது, காரிடாரில் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கே கேட்டுவிட்டது.

கமிட்டியில் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர், "இவ்வளவு தூரம் பரவியிருக்கே, பரப்பினது எந்தப் பூச்சி?" என்று கேட்டார். "பூச்சி இல்ல சார், கண்டக்டர்" என்றேன். கைடு தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெம்பு வந்தது. மலைக்குள்ளே தானாக வளர்ந்த செடிகளில் வேறுபாடு நிறைய, ரோட்டோரத்தில் இருப்பது மலைக்குக் கீழேயிருந்து பஸ்ஸில் ஏறிப்போன ஒரே செடி, இரண்டையும் கலந்து கணக்குப் போடக் கூடாது. இதுதான் என் அத்தியாயம். ஏற்றுக்கொண்டார்கள். கைடு நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்கு வந்தபோது ஜெல் படத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். இனி மரத்தின் அளவை எப்படிச் சொல்வார் என்று சீண்டத்தான் எனக்கு ஆசை. அவர் படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் திருத்தவில்லை. ஒவ்வொரு கோடாக விரலை வைத்துச் சொன்னேன். இது மாமரத்து ஸ்டாப், இது பலாமரம், இது இலுப்பை, இது நம்ம கொய்யா. எல்லாம் நீங்க வெட்டின புளியமரத்துல இருந்த அதே செடி.

அவர் விரல் அந்தக் கோடுகளின் மேலேயே இருந்தது.

"அப்ப, மரத்தோட அது சாவலியா?" என்றார்.

இத்தனை வருஷமும் அவர் அந்த மரத்தை ஏன் பெரிதாக்கிக்கொண்டே இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மரத்தை வெட்டியது அவரை உறுத்தியிருக்கிறது, சின்ன மரத்தை வெட்டியதாகச் சொல்ல மனசு வரவில்லை. வெட்டியதற்கு ஈடாக என்னைக் காட்டிக் காட்டி அவர் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைப் பெருமை என்று நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறேன்.

"சாவலப்பா. வெள்ளிமலை வரைக்கும் கீது" என்றேன்.

அப்பா படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். ஒரு சொம்பு தண்ணீரை மொண்டுகொண்டு கொல்லைக்குப் போனார். "மேல ஊத்தணுமா, வேர்ல ஊத்தணுமா?" என்று அங்கிருந்து கேட்டார்.

"வேர்ல" என்றேன்.